திரும்பி வந்த மாணவர்: மனநோயும் கல்வியும் பற்றிய நான்கு நூல்கள்

பள்ளிக்கூடம் ஒவ்வொன்றிலும் சேர்க்கைப் பதிவேடு ஒன்று உண்டு. மாணவன் வந்த நாள் அதில் இருக்கும். நீங்கிய நாள் இருக்கும். நீங்கிய காரணமும் இருக்கும். தேர்ச்சி, இடமாற்றம், வறுமை, மரணம் எனக் காரணங்கள் பலவாக எழுதப்பட்டிருக்கும். ‘நோயால் நீங்கினான், நோயோடு திரும்பி வந்தான்’ என்று எழுதுவதற்கு மட்டும் அதில் கட்டம் இல்லை. ஏட்டை அச்சிட்டவர் பிழை என்று இதனை ஒதுக்கிவிடுதல் ஆகாது. மக்கள் மனத்திலேயே அதற்கு இடம் இல்லை. ஆதலின் ஏட்டிலும் இடம் இல்லாமற் போயிற்று.

காசநோய் கண்டு ஓராண்டு மருத்துவமனையில் கிடந்த இளைஞன் மீண்டும் கல்லூரிக்கு வருகின்றான். ஆசிரியர் நலம் உசாவுகின்றனர். தோழர் விட்டுப்போன பாடங்களை எழுதிக் கொடுக்கின்றனர். மனச்சிதைவு நோய் கண்டவன் அவ்வாறே ஓராண்டு கழித்து வந்தால் நிகழ்வது வேறு. “இனி உனக்குப் படிப்பு எதற்கு? மனத்திற்கு ஓய்வு கொடு” என்று வீட்டாரே கூறுவர். அன்பினால் சொல்லப்படும் சொல்லே அது. ஆயினும் கதவை அடைக்கும் சொல்லும் அதுவே.

இந்நோய் பெரும்பாலும் பதினெட்டு வயதிற்கும் முப்பது வயதிற்கும் இடையே தலைகாட்டுவது. அஃதாவது, ஒருவர் மேற்படிப்புப் படித்து வாழ்க்கைக்கு அடித்தளம் இடும் பருவத்திலேயே வந்து சேர்வது. நோய் தணிந்து அவர் தலைநிமிரும்போது தோழர் பட்டம் பெற்றுத் தொழிலில் அமர்ந்திருப்பர். அவர் மட்டும் பாதியில் நின்ற படிப்போடு நிற்பார். அவரை மீண்டும் கல்விக்குக் கொணர்தல் இயலுமா, இயலுமாயின் எவ்வாறு என்பது மருத்துவர் மட்டும் விடை கூறத்தக்க வினா அன்று. ஆசிரியரும் கூறவேண்டிய விடை உண்டு. இலக்கியம் இவ்வினாவை எவ்வாறு எதிர்கொண்டது என்பதை ஆங்கிலத்தில் வெளிவந்த நான்கு நூல்களைக் கொண்டு ஈண்டு ஆராய்தல் பொருந்தும்.

முடிவாக வந்த பித்து

பழைய இலக்கியங்களில் பித்து என்பது கதைக்கு முடிவு. ஷேக்ஸ்பியரின் ஒபீலியா பித்தாகின்றாள். பின்னர் நீரில் மூழ்கி மாய்கின்றாள். சார்லட் பிராண்டி 1847ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஜேன் அயர்’ நாவலில் பித்தான மனைவி மாளிகையின் மேல்தளத்தில் அடைக்கப்பட்டிருக்கின்றாள். அவள் கதையும் தீயில் முடிகின்றது. பித்தான பாத்திரத்தை வைத்துக்கொண்டு மேற்கொண்டு என்ன செய்வது என்பதை அக்காலப் புலவர் அறியார். மருத்துவர் அறியாததைப் புலவர் அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தலும் முறை அன்று.

மருத்துவர் கொண்டிருந்த கொள்கையை அறிய விரும்புவோர் சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் என்னும் அமெரிக்கப் பெண்மணி எழுதிய ‘மஞ்சள் சுவர்த்தாள்’ என்னும் சிறுகதையைப் படித்தல் வேண்டும். 1892ஆம் ஆண்டில் வெளிவந்த கதை அது. பிள்ளை பெற்றபின் உளம் நொந்த ஒருத்தியை மருத்துவனாகிய அவள் கணவன் ஓர் அறையில் ஓய்ந்திருக்கச் செய்கின்றான். எழுதுதல் கூடாது, வேலை செய்தல் கூடாது, சிந்தித்தலும் கூடாது. செய்வதற்கு ஒன்றும் இல்லாத அவள் கண்கள் சுவரில் ஒட்டிய தாளின் கோலங்களை நாளெல்லாம் பார்க்கின்றன. அக்கோலங்களுக்குள் ஒருத்தி சிறைப்பட்டிருப்பதாகக் காண்கின்றாள். கதை முடியும்போது அவள் மனம் முற்றும் குலைந்துவிடுகின்றது.

கற்பனைக் கதையாயினும் அதன் வேர் உண்மையில் இருந்தது. கில்மன் 1887ஆம் ஆண்டில் வெயர் மிட்செல் என்னும் புகழ்பெற்ற நரம்பு மருத்துவரிடம் சிகிச்சை பெற்றார். அறிவுத் தொழிலை நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்திற்கு மேல் செய்தல் கூடாது என்றும், வாழ்நாள் முழுதும் எழுதுகோலைத் தொடுதல் கூடாது என்றும் அவருக்கு விதிக்கப்பட்டது. சில மாதம் அவ்விதிப்படி நடந்து தாம் மனம் கெட்டுப்போகும் எல்லைக்கே சென்றதையும், பின்னர் விதியை உதறி வேலைக்குத் திரும்பி நலம் பெற்றதையும் 1913ஆம் ஆண்டில் அவரே எழுதினார். கில்மனுக்கு வந்தது மனச்சிதைவு நோய் அன்று. இன்று பேறுகாலத்திற்குப் பிந்திய மனச்சோர்வு என்று கூறத்தக்கது. ஆயினும் படிப்பும் எழுத்தும் நொந்த மனத்திற்கு நஞ்சு என்ற கொள்கையை எதிர்த்து எழுந்த முதற் குரல்களில் அச்சிறுகதையும் ஒன்று. கலையளவில் நோக்கினும் அது குறைவற்றது. வாதம் புரியாமல், ஒரு சுவரைக் காட்டியே வாதத்தை வென்றுவிடுகின்றது.

வாயிலில் நின்ற நாவல்

அடுத்தது ஸில்வியா பிளாத் எழுதிய ‘பெல் ஜார்’ என்னும் நாவல். கண்ணாடிக் கவிகை என்பது அப்பெயரின் பொருள். 1963ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் விக்டோரியா லூக்காஸ் என்னும் புனைபெயரில் இலண்டனில் வெளிவந்தது. எஸ்தர் கிரீன்வுட் என்னும் கல்லூரி மாணவி இதன் தலைவி. எப்போதும் முதற்பரிசு பெறுபவள். ஒரு கோடை விடுமுறையில் அவள் மனம் நிலைதடுமாறுகின்றது.

ஆசிரியர் கருத்தூன்றிப் படிக்கத்தக்க இடம் ஒன்று இந்நாவலில் உண்டு. ஆய்வுக் கட்டுரைக்காக எஸ்தர் ஒரு பெருநூலை எடுத்து விரிக்கின்றாள். எழுத்துகள் அவள் கண்முன் நெளிகின்றன. சொல்லாகச் சேர மறுக்கின்றன. கையெழுத்தும் சிறுபிள்ளை எழுத்தைப்போல் கோணிவிடுகின்றது. நூலை விட்டு வாழாத ஒருத்திக்கு நூல் அயலாகிவிடுகின்றது. வகுப்பில் திடீரெனப் படிப்பில் பின்தங்கும் நல்ல மாணவரை ‘சோம்பல்’ என்றும் ‘திமிர்’ என்றும் முத்திரை குத்தும் வழக்கம் எங்கும் உண்டு. படிக்கும் ஆற்றலே நோயினால் களவு போதல் கூடும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய நாவல்கள் சிலவே.

நாவலின் முடிவு பொருள் பொதிந்தது. எஸ்தர் நலம் பெற்றுக் கல்லூரிக்குத் திரும்பும் நிலையில் இருக்கின்றாள். மருத்துவக் குழுவினர் அவளை வினவி விடுதலை அளிக்க வேண்டும். அறைக்கதவு திறந்திருக்கின்றது, உள்ளே முகங்கள் அவளை நோக்கித் திரும்புகின்றன, அவள் அடி எடுத்து வைக்கின்றாள். நாவல் அங்கே நின்றுவிடுகின்றது. உள்ளே சென்றபின் என்ன ஆயிற்று? வகுப்பில் அவள் எங்கே அமர்ந்தாள்? அருகில் இருந்தவள் அவளோடு பேசினாளா? முதல் தேர்வை எவ்வாறு எழுதினாள்? நாவல் ஒன்றும் கூறவில்லை. கலைக்கு அம்முடிவு அழகுதான். ஆனால் திரும்பி வரும் மாணவரின் கதை உண்மையில் தொடங்குவது அக்கதவிற்கு அப்பாலே.

பிளாத்தின் வாழ்வு அதற்கு அப்பாலும் சென்றது. 1953ஆம் ஆண்டில் நோயுற்று மருத்துவமனையில் இருந்த அவர் 1954ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஸ்மித் கல்லூரிக்குத் திரும்பினார். 1955இல் உயர்சிறப்புடன் பட்டம் பெற்றார். தஸ்தயேவ்ஸ்கியின் நாவல்களில் ஒருவனே இருவனாகத் தோன்றும் பாத்திரங்களைப் பற்றி அவர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். தமக்கு நேர்ந்ததையே படிப்பின் பொருளாக்கிக் கொண்டார் போலும்! பின்னர்க் கேம்பிரிட்ஜில் படித்தார். தம் பழைய கல்லூரியிலேயே ஓராண்டு ஆசிரியராகவும் இருந்தார். நாவல் வெளிவந்த மறுதிங்களில், முப்பது வயதில், தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். அம்முடிவைக் காட்டி, ‘கல்வி அவரைக் காக்கவில்லை’ என்பார் உளர். அவ்வாறு கூறுதல் நேர்மை அன்று. அந்நோய் மீண்டும் மீண்டும் வரக்கூடியது. இடையே கிடைத்த ஆண்டுகளில் அவர் படித்தார், படிப்பித்தார், கவிதை படைத்தார். அவ்வாண்டுகள் அவருக்கு உரியவை. கல்வி நோய்க்கு மருந்து என்று கூறுவோரும், கல்வியே நோய்க்குக் காரணம் என்று கூறுவோரும் ஒரே பிழையின் இரு புறத்தில் நிற்கின்றனர்.

நூலகத்தில் உலவியவர்

மூன்றாவது நூல் சில்வியா நாசர் 1998ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘எ பியூட்டிஃபுல் மைண்டு’ என்னும் வாழ்க்கை வரலாறு. ஜான் நாஷ் என்னும் கணித மேதையின் கதை அது. 1928இல் பிறந்த நாஷ் 1950இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1959இல் மனச்சிதைவு நோயால் முதன்முறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நோயிலும் தனிமையிலும் கழிந்தன. 1994இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 2015இல் கார் விபத்தில் மனைவியோடு உயிர் நீத்தார்.

இந்நூலின் உயிர்ப்பகுதி பரிசு பெற்ற பகுதி அன்று. 1970களைப் பற்றிய பகுதி. மணவிலக்குப் பெற்ற மனைவியே அவருக்கு வீட்டில் இடம் கொடுத்தார். பல்கலைக்கழகமோ அவரை விரட்டவில்லை. அவர் நூலகத்தில் அமர்ந்திருப்பார். கணிதத்துறைக் கட்டடத்தின் கரும்பலகைகளில் எவருக்கும் விளங்காத எண்களையும் செய்திகளையும் எழுதிவைப்பார். மாணவர் அவரை ‘ஃபைன் மண்டபத்து ஆவி’ என்று அழைத்தனர். பின்னாளில் கணிப்பொறி நிலையத்தைப் பயன்படுத்தவும் அவருக்குத் தடை இருக்கவில்லை. அவர் மாணவரும் அல்லர், ஆசிரியரும் அல்லர். ஆயினும் அவ்விடம் அவருக்கு மறுக்கப்படவில்லை. நோய் மெல்லத் தணிந்தபோது, திரும்பிச் செல்வதற்கு ஓரிடம் அவருக்கு இருந்தது.

2001ஆம் ஆண்டில் இந்நூலைத் தழுவி வந்த திரைப்படம் ஆஸ்கார் பரிசு பெற்றது. உலகெங்கும் புகழ் பெற்றது. ஆனால் உண்மையினின்று அது ஓரிடத்தில் விலகிச் சென்றது. புதிய மருந்துகளை உட்கொள்வதாக நாஷ் கூறும் ஓர் உரையாடல் படத்தில் வருகின்றது. 1970ஆம் ஆண்டிற்குப் பின்னர் அவர் அந்நோய்க்கான மருந்தை உட்கொள்ளவில்லை என்பதே வரலாறு. மருந்தை விட்டுவிடப் பார்ப்போர் தூண்டப்படுதல் கூடாது என்னும் நல்லெண்ணத்தால் அவ்வாறு மாற்றினர். பெரும்பாலோர்க்கு மருந்து இன்றியமையாதது. நாஷின் நிலை விதிவிலக்கு. ஆதலின் அம்மாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுத்தற்கு அரியது வேறொன்று. மனவலிமையால் மேதை நோயை வெல்லும் கதையாகப் படம் அவர் வாழ்வை ஆக்கிவிட்டது. நூலில் ஒருவர் வெற்றியினும் பலர் பொறுமையே மிகுதி. கரும்பலகையை அழித்துவிட்டு ஒன்றும் கூறாமல் பாடம் தொடங்கிய ஆசிரியரும் அவ்வெற்றியில் பங்குடையவரே.

உள்ளே நுழைந்த வரலாறு

நான்காவது நூலே இவ்வாய்வின் மையம். எலின் சாக்ஸ் என்னும் சட்டப் பேராசிரியை 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட தன்வரலாறு அது. ‘தி சென்டர் கேனாட் ஹோல்ட்’ என்பது பெயர். அயர்லாந்துக் கவிஞர் யேட்ஸின் கவிதையிலிருந்து அப்பெயர் எடுக்கப்பட்டது. மையம் குலைதல் என்பதே மனச்சிதைவிற்கு அவர் தரும் விளக்கம். சான்றாக, காண்பது, கேட்பது, நினைப்பது யாவற்றையும் ஒன்றாகக் கட்டிவைக்கும் ‘தான்’ என்னும் முளை தளர்ந்து, எல்லாம் மணற்கோட்டைபோல் சரிகின்றன என்கின்றார். மருத்துவ நூல்கள் புறத்தேயிருந்து கூறும் இலக்கணத்தை அவர் அகத்தேயிருந்து கூறுகின்றார்.

மையாமியில் பிறந்த சாக்ஸ், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் மெய்ப்பொருளியல் பயின்று முதல் மாணவியாகத் தேறினார். மார்ஷல் உதவிச் சம்பளம் பெற்று ஆக்ஸ்போர்டு சென்றார். அரிஸ்டாட்டில் பற்றிப் படிக்கச் சென்ற இடத்தில் நோய் முற்றியது. பேச்சு நின்றது, உணவு குறைந்தது, தெருவில் தமக்குத்தாமே முணுமுணுத்துக்கொண்டு நடந்தார். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஈராண்டில் முடிய வேண்டிய பட்டத்திற்கு நான்கு ஆண்டு ஆயிற்று. ஆயினும் முடிந்தது!

அங்கு நடந்ததை நூல் விரிவாகக் கூறுகின்றது. எவரும் அவரைக் கட்டிவைக்கவில்லை. உளப்பகுப்பாய்வு செய்யும் அம்மையார் ஒருவரிடம் இடைவிடாது சென்று பேசினார். ஏனைய நேரத்தில் நூலுக்குத் திரும்பினார். மனம் சிதறிய நாள்களிலும் அரிஸ்டாட்டிலின் வாதம் சிதறாமல் தாளில் நின்றது. உள்ளே ஒழுங்கு இல்லாதபோது வெளியே உள்ள ஓர் ஒழுங்கைப் பற்றிக்கொள்ளுதல் பிழைப்பதற்கு வழியாயிற்று. இந்நூல் முழுதும் ஊடுருவி நிற்கும் கருத்து இதுவே. நோய் தீர்ந்தபின் கிடைக்கும் பரிசாகக் கல்வி இங்கே வரவில்லை. நோயோடு வாழ்வதற்கு உதவும் கைத்தடியாக வருகின்றது.

பின்னர் அமெரிக்கா திரும்பி யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயிலச் சேர்ந்தார். சேர்ந்த சில வாரங்களில், ஒரு வெள்ளிக்கிழமை இரவு, சக மாணவர் இருவரோடு பாடம் தயாரித்துக்கொண்டிருந்தபோது மனம் உடைந்தது. சட்ட நூலகத்தின் கூரைமேல் ஏறிப் பாடினார், பிதற்றினார். உடன் இருந்த இருவரும் திகைத்துப்போயினர். மருத்துவமனையில் தோல்வார்களால் கட்டிலோடு பிணித்தனர். நோயின் போக்கு மிகவும் கடுமையானது என்று மருத்துவர் கணித்தனர். தனித்து வாழவும் தகுதியான தொழில் பார்க்கவும் அவரால் இயலாது என்பதே அக்கணிப்பின் பொருள். ஓராண்டு படிப்பு நின்றது. மறு ஆண்டு அதே சட்டக் கல்லூரிக்கு, அதே முதலாண்டு வகுப்பிற்குத் திரும்பினார்.

திரும்பி வந்தவர் செய்தது யாது? மருத்துவமனையில் உள்ளோரின் உரிமைக்காக வாதாடும் பணியில் மாணவராக இருக்கும்போதே ஈடுபட்டார். நோயாளரைக் கட்டிவைத்தல் பற்றி அக்கல்லூரியின் சட்ட இதழில் 1986இல் ஒரு கட்டுரை எழுதினார். அதனை எழுதும் காலத்தில் மனமருத்துவம் கற்ற சட்டப் பேராசிரியர் ஒருவரிடம், கட்டுண்டு கிடத்தல் எவ்வளவு இழிவும் அச்சமும் தருவது என்று பேசினார். அதற்கு அப்பேராசிரியர், பித்தர் நம்மைப் போன்றோர் அல்லர் என்றும், நமக்குத் தோன்றுவதுபோல் அவர்களுக்குத் தோன்றாது என்றும் விடை கூறினார். எதிரில் நின்றவரே கட்டுண்டு கிடந்தவர் என்பதை அவர் அறியார்! சாக்ஸ் அப்போது ஒன்றும் கூறவில்லை. 2012இல் ஆற்றிய ஓர் உரையிலும் அந்நிகழ்ச்சியை நினைவுகூர்ந்தார். கற்றோரிடத்தும் ‘நாம் வேறு, அவர் வேறு’ என்னும் சுவர் எவ்வளவு உயர்ந்து நிற்கின்றது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1986இல் சட்டப் பட்டம் பெற்ற சாக்ஸ், 1989இல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். 2009இல் மக்கார்தர் நிறுவனத்தின் பெருமைமிகு பரிசைப் பெற்றார். மருந்து இல்லாமல் இருந்து பார்ப்போம் என்று பலமுறை முயன்றதையும், ஒவ்வொரு முறையும் நோய் மீண்டதையும் அவர் மறைக்கவில்லை. தம் பிடிவாதத்தைத் தாமே கண்டித்துக்கொள்ளும் அந்நேர்மையே தன்வரலாறு என்னும் வகையில் இந்நூலை உயர்த்துகின்றது. தற்புகழ்ச்சி வருமோ என்று வாசகர் அஞ்சும் இடங்களிலெல்லாம் ஒரு தோல்வி வந்து நடையைத் தாழ்த்திவிடுகின்றது.

நூலின் குறை

நிறை கூறியபின் குறையும் கூறல் வேண்டும். சாக்ஸ் முதல் மாணவி, நாஷ் மேதை, பிளாத் கவிஞர். மேதையர் திரும்பி வந்தமை கண்டு உலகம் வியக்கின்றது. அவ்வியப்பில் ஓர் ஆபத்து உண்டு. அவ்வளவு அறிவு படைத்தவர்க்கே திரும்பும் உரிமை உண்டு என்னும் எண்ணத்தை அது வளர்த்துவிடும். ‘நம் பிள்ளை என்ன, மேதையா?’ என்று ஏழைத் தாய் ஏட்டை மூடிவைப்பாள். மேலும், சாக்ஸுக்குப் பொருள் உதவும் பெற்றோர் இருந்தனர். ஆண்டுக்கணக்கில் மருத்துவரிடம் செல்லும் வசதி இருந்தது. அவற்றை அவர் மறைக்கவில்லை, நன்றியோடு குறிக்கின்றார். ஆயினும் அவை இல்லாதவர் செய்வது யாது என்னும் வினாவிற்கு நூலில் போதிய விடை இல்லை. நடுத்தர அறிவும் குறைந்த வருவாயும் உடைய மாணவர் ஒருவர், பாதியில் விட்ட ஒரு சான்றிதழ்ப் படிப்பை முடிக்க வருவாராயின் அவரை ஏந்துவது எது? தனிமனிதர் துணிவு மட்டும் போதாது. ஓர் ஏற்பாடு வேண்டும்.

ஏற்பாடு எத்தகையது?

அவ்வேற்பாட்டைத் தேடுவோர் தன்வரலாற்றை விட்டு வேறிடம் செல்லல் வேண்டும். அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1979ஆம் ஆண்டில் மனநோயாளர் மறுவாழ்வு மையம் ஒன்று நிறுவப்பட்டது. 1980களில் அங்குக் கேரன் அங்கர் முதலியோர் ‘துணையுடன் கூடிய கல்வி’ என்னும் முறையை உருவாக்கினர். அதன் படிகள் மூன்று: தேர்ந்தெடுத்தல், சேர்தல், நிலைத்திருத்தல். எதைப் படிப்பது என்பதை நோயாளரே தேர்ந்தெடுக்கின்றார். சேர்வதற்கான விண்ணப்பம், கட்டண உதவி முதலியவற்றில் துணைவர் ஒருவர் உதவுகின்றார். சேர்ந்தபின் நிலைத்திருக்கும் வரை அத்துணை தொடர்கின்றது. மூன்றாம் படியே கடினமானது. சேர்த்துவிட்டு வாழ்த்துக் கூறி விலகுவது எளிது. நான்காம் வாரத்தில் மாணவர் வகுப்பிற்கு வராதபோது தேடிச் செல்வது அரிது.

துணை தரும் வழியும் பலவகைப்படும். இத்தகையோர்க்கெனத் தனி வகுப்பு நடத்துதல் ஒருவகை. கல்லூரிக்குள்ளேயே உதவி அலுவலகம் வைத்தல் மற்றொரு வகை. மருத்துவக் குழுவைச் சேர்ந்த ஒருவர் மாணவர் படிக்கும் இடத்திற்கே சென்று உதவுதல் மூன்றாம் வகை. தொடங்குவதற்குத் தனி வகுப்பு அச்சம் போக்கும். ஆனால் அதிலேயே தங்கிவிட்டால் அதுவும் ஒரு மருத்துவமனைக் கூடமாகிவிடும்.

வகுப்பறையில் தேவைப்படும் சலுகைகள் பெரியவை அல்ல. மருந்தினால் காலையில் தலை தூக்க இயலாதவர்க்குப் பிற்பகல் வகுப்பு. வாய் உலர்பவர்க்குத் தண்ணீர் அருந்த இசைவு. கை நடுங்குபவர்க்குப் பிறர் எடுத்த குறிப்பின் படி. அடைபட்ட இடத்தை அஞ்சுபவர்க்குக் கதவருகில் இருக்கை. கவனம் சிதறுபவர்க்குத் தனியறையில், கூடுதல் நேரத்தில் தேர்வு. நான்கு பாடம் சுமக்க இயலாதவர்க்கு முதற் பருவத்தில் ஒரு பாடம். ‘இது மற்ற மாணவர்க்கு அநீதி அன்றோ?’ என்று ஆசிரியர் சிலர் வினவுவர். கூடுதல் நேரம் கூடுதல் மதிப்பெண் ஆகாது. கண்ணாடி அணிந்து தேர்வு எழுதுபவனை எவரும் ஏமாற்றுக்காரன் என்பதில்லை. வினாத்தாள் ஒன்றே, திருத்தும் அளவுகோலும் ஒன்றே. அளவுகோலைத் தளர்த்துதல் உதவி ஆகாது; அது மாணவரை இழிவுபடுத்துதல் ஆகும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. நோயின் பெயரை ஆசிரியர் அறிய வேண்டுவதில்லை. இன்ன சலுகை தேவை என்று உதவி அலுவலகம் எழுதிக் கொடுத்தால் போதும். அமெரிக்காவில் 1973, 1990ஆம் ஆண்டுச் சட்டங்களும், பிரிட்டனில் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டமும் கல்விக்கூடங்களுக்கு இக்கடமையை விதித்துள்ளன. இங்கிலாந்தில் 2009ஆம் ஆண்டு முதல் ‘மீட்சிக் கல்லூரிகள்’ என்பவையும் தோன்றின. அங்கு நோய் கண்டு தேறியவரும் மருத்துவத் துறையினரும் ஒருங்கே நின்று பாடம் நடத்துகின்றனர்.

இவற்றால் யாவும் நிறைவேறிவிட்டன என்று கூறுதல் மிகை. துணையோடு மீண்டும் சேர்ந்து படித்தவர் பலர் உண்டு. ஆனால் பட்டம் முடிப்போர் எண்ணிக்கையை இம்முறை உயர்த்துகின்றது என்று அறுதியிட்டுக் கூறும் அளவிற்கு ஆராய்ச்சிச் சான்று வளரவில்லை. இடையில் மீண்டும் நோயுற்று விலகுவோரும் உளர். ஆதலின் விலகுவதற்கும் மீண்டும் வருவதற்கும் வழி வைத்திருத்தலே ஏற்பாட்டின் முதன்மையான உறுப்பு. சாக்ஸுக்கு யேல் தந்த மிகப் பெரிய உதவி, ஓராண்டு கழித்தும் அவருக்குரிய இடம் அங்கே இருந்தமையே.

தமிழாசிரியர் சிந்தனைக்கு

இந்நாட்டிலும் இவ்வினா புதியது அன்று. பேராக் மாநிலத்துத் தஞ்சோங் ரம்புத்தானில் 1911ஆம் ஆண்டில் மனநோய் மருத்துவமனை தொடங்கப்பட்டது. இன்று அதற்கு உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை என்று பெயர். ‘பஹாகியா’ என்னும் மலாய்ச் சொல்லுக்கு மகிழ்ச்சி என்பது பொருள். ஆயினும் ஊர்ப்பெயரே வசைச்சொல்லாக நிலைத்துவிட்டது. “தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்ப வேண்டியவன்” என்று விளையாட்டாகக் கூறுவாரை எங்கும் காணலாம். சிங்கப்பூரில் ‘உட்பிரிட்ஜ்’ என்னும் பெயர் அவ்வாறே ஆளப்பட்டது. வகுப்பில் அவ்வேளையில் வாய்விட்டுச் சிரிக்கும் முப்பது பிள்ளைகளுள், அண்ணனோ அத்தையோ அம்மருத்துவமனையில் இருக்கும் பிள்ளை ஒன்று சிரிக்காமல் அமர்ந்திருக்கக்கூடும்.

தமிழ் மொழிக்கு இதில் ஒரு விந்தை உண்டு. இறைவனையே பித்தன் என்று அழைத்த மரபு இது. பித்து, மருள், மயல் முதலிய சொற்கள் பக்தியிலும் காதலிலும் உயர்பொருள் பெற்றன. அதே சொல்லை அண்டை வீட்டு இளைஞனைக் குறித்துக் கூறும்போது மட்டும் அது அவன் வாழ்வை முடித்துவைக்கும் சொல்லாகிவிடுகின்றது. இச்சொற்களின் வரலாற்றைக் கற்பிக்கும் தமிழாசிரியர், இவ்விரு வழக்கிற்கும் இடையே உள்ள தொலைவையும் மாணவர்க்கு உணர்த்துதல் நன்று.

மலேசியாவில் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் சட்டம், மனநலக் குறையுடையோரையும் தன் வரையறைக்குள் கொண்டது. கல்வியினின்று அவர்களை விலக்குதல் ஆகாது என்றும் கூறுகின்றது. சட்டம் எழுதியதை நடைமுறையாக்குவது வகுப்பறை. எஸ்.பி.எம். தேர்வைத் தனித்தேர்வராக எழுத வயது வந்தோர்க்கு வழி உண்டு. விட்ட தேர்வை எழுத விரும்பும் ஒருவர்க்கு, வாரத்தில் ஒருநாள் மாலையில் ஓர் ஆசிரியர் உடனமர்ந்து பாடம் கூறினால், பாஸ்டனில் கண்ட மூன்றாம் படியின் சிறு உருவம் இங்கும் தோன்றிவிடும்.

கில்மன் கதையில் எழுதுகோல் பறிக்கப்பட்டது. பிளாத் கதவு வரை கொணர்ந்து நிறுத்தினார். நாஷின் வரலாறு, கதவை அடைக்காத ஓர் இடத்தைக் காட்டியது. சாக்ஸ் உள்ளே சென்று அமர்ந்து, தேர்வு எழுதி, ஆசிரியராகவும் ஆகி, அங்கிருந்து எழுதினார். நூற்றுப் பதினைந்து ஆண்டுகளில் இலக்கியம் கடந்த தொலைவு இது. மேதை அல்லாத ஒருவர், புகழ் பெறாமலேயே, ஒரு சான்றிதழ்ப் படிப்பை முடித்து வீடு திரும்பும் கதையே இனி எழுதப்பட வேண்டியது. அதற்கு முன்னர்ச் சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு கட்டம் கூடுதலாக வரைதல் வேண்டும். ‘திரும்பி வந்த நாள்’ என்று அதற்குத் தலைப்பு இடலாம்.